கதவைத் தட்டுகிறவர்களுக்கு மெல்வினா சொல்லும் வழி

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் கிழக்குக் கரையில், கலங்கரை விளக்கத்துக்குப் போகும் சாலையின் கடைசி வீடு மெல்வினாவுடையது. அந்த ஊரில் யாரும் கதவைத் தட்டமாட்டார்கள். திறந்துகொண்டு நேரே அடுப்படிக்கு வந்து, தாங்களே தேநீர் ஊற்றிக்கொண்டு உட்காருவார்கள். தட்டினால் வெளியூர்க்காரர் என்று அர்த்தம். கோடை பிறந்தால் போதும், திமிங்கிலம் எங்கே, கடலில் மிதந்து வரும் பனிமலை எங்கே என்று ஒரே தட்டல்தான்.

மெல்வினா லேசுப்பட்டவளா? இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுப்பாள். "முனைக்குப் போங்க கண்ணுங்களா! குட்டி மீனுங்க கரை ஒதுங்குற நேரம், திமிங்கிலம் பின்னாலயே வரும். ஸ்வெட்டர் போட்டுக்கங்க, அப்புறம் என்னைத் திட்டாதீங்க!" அவள் பேச்சைக் கேட்டுப் போனவர்கள் பெரும்பாலும் ஏமாந்ததில்லை.

ஊர் உலகமெல்லாம் தேடி வரும் அந்தக் கடலை ஒருத்தன் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. அவள் மகன் லியாண்டர். மீன்பிடித் தொழில் படுத்ததும் நாட்டின் மறுகோடியில் இருக்கும் ஆல்பர்ட்டா எண்ணெய் வயலுக்கு வேலைக்குப் போனவன். கொஞ்ச காலம்தான் என்று சொல்லிவிட்டுத்தான் போனான். அங்கேயே கல்யாணம், அங்கேயே இரண்டு பிள்ளைகள். ஞாயிறுதோறும் போனில், "இந்த வருஷம் கட்டாயம் வர்றோம்மா" என்பான். போனை வைத்தபின் அவளுக்குச் சாப்பாடு இறங்காது. பெற்ற வயிறு ஏங்காமல் என்ன செய்யும்?

ஜூலையில் ஒரு நாள் காலை, ரொட்டி மாவு பிசைந்துகொண்டிருந்தபோது கதவு தட்டும் சத்தம்.

"திமிங்கிலம்னா முனைக்குப் போங்க!"

மறுபடியும் தட்டல்.

"அட, காது கேக்காதா உங்களுக்கு? பனிமலை போன வாரமே கரைஞ்சு போச்சு! பறவை பாக்கணும்னா படகுத்துறைக்குப் போங்க!"

"அம்மா, நான்தான்."

மாவுக் கையோடு ஓடினாள். முன்தலை வழுக்கை விழுந்து லியாண்டர் நின்றான். பின்னால் காரில் அவன் மனைவியும் பிள்ளைகளும். அவனைக் கட்டிக்கொண்டு அழுததில் சட்டை முதுகெல்லாம் மாவு. அழுது முடித்த பிறகுதான் கோபம் வந்தது.

"ஏன்டா, உன் வீட்டுக் கதவையே தட்டுவியா? நீ என்ன விருந்தாளியா?"

"அங்க பழகிருச்சும்மா. தட்டாம நுழைஞ்சா போலீஸைக் கூப்பிட்டுருவாங்க."

காரிலிருந்து இறங்கி வந்தவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். மெல்வினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. எல்லாரையும் உள்ளே கூட்டிப்போய்த் தேநீர் ஊற்றினாள். குடித்துக்கொண்டே லியாண்டர் சொன்னான்: "விடுதியில ரூம் போட்டிருக்கோம்மா. உனக்கு எதுக்குச் சிரமம்? மூணு நாள்தான் லீவு. பிள்ளைங்களுக்கு எதையெல்லாம் காட்டலாம்? நீயே சொல்லேன்."

கண்டவர்களுக்கெல்லாம் வழி சொன்ன வாய். பெற்ற மகனுக்கும் அதையே சொல்ல வேண்டி வந்ததே! கெட்டிலை மேஜையில் வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

"முனைக்கு நாளைக்குப் போக முடியாது, காத்து சரியில்ல. அது திரும்ப நாலு நாளாவது ஆகும். அப்புறம் பறவைத் தீவு. படகுக்காரன் ஆடி அசைஞ்சுதான் வருவான். அப்புறம் சதுப்பு நிலத்துல மஞ்சளா காய்க்குற பேக்கப்பிள் பழம். பிள்ளைங்க கையாலயே பறிக்கணும். அதைத் திங்காம இந்த ஊருக்கு வந்தேன்னு யாரும் சொல்லவே கூடாது."

லியாண்டர் சிரித்தான். "அம்மா, அது ஆகஸ்ட்லதானே பழுக்கும்?"

"ஆமாடா, ஆகஸ்ட்லதான்" என்றாள் மெல்வினா. "அதுவரைக்கும் இருந்துட்டுப் போயேன்."