முதலாம் சென்னியப்பன்

எங்கள் குடும்பத்தில் அப்போது மூன்று பொடியன்கள், மூன்று பேருமே சென்னியப்பன். பெரியப்பா மகன், என் தம்பி, சித்தப்பா மகன். மூத்த பேரனுக்கு அப்பாருவின், அதாவது அப்பாவைப் பெற்றவரின், பெயரை வைப்பது எங்கள் பக்கத்து வழக்கம். மகன்கள் மூவரும் விட்டுக்கொடுக்கவில்லை. மருமகள்களோ மாமனார் பெயரை வாயால் சொல்ல மாட்டார்கள். எல்லாரையும் சாமி என்றே கூப்பிடுவார்கள். ஒரு சாமியைச் சாப்பிடக் கூப்பிட்டால் மூன்று சாமிகள் தட்டோடு வந்து நிற்கும்.

நான் பள்ளியில் சோழர் பாடம் படித்துக்கொண்டிருந்தேன். முதலாம் குலோத்துங்கன், இரண்டாம் குலோத்துங்கன், மூன்றாம் குலோத்துங்கன். முதலாமவர் செய்ததை மூன்றாமவர் தலையில் கட்டி, டீச்சரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் நாமக்கல்லில் பாடி கட்டி முடித்து எங்கள் லாரி தயாரானது. நாற்பது வருடம் ஊரார் லாரியை ஓட்டியவர் அப்பாரு. சொந்த வண்டியின் நெற்றியில் அவர் பெயர் இருக்க வேண்டும். நாலு மணிக்குப் பூஜை. ஆண்கள் மாலை வாங்கி அப்பாருவையும் கூட்டிவரப் போயிருந்தார்கள். பட்டறையில் அம்மா, பெரியம்மா, சித்தி, நான்.

“பேரச் சொல்லுங்கக்கா,” என்றார் ஏணிமேல் நின்ற பெயிண்டர்.

“எங்க மாமனாரு பேருங்க,” என்றார் பெரியம்மா.

“அவரு பேரு என்னங்க?”

“எங்க பையன் பேருதானுங்க.”

“பையன் பேரு?”

“அதானுங்க, மாமனாரு பேரு!”

பெயிண்டர் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டார். பெரியப்பா போனை எடுக்கவில்லை. சித்தி என்னை முன்னால் தள்ளினாள்.

வெறும் பெயரை எழுதினால் மூன்று பொடியன்களும் என் லாரி, உன் லாரி என்று மண்டையை உடைத்துக்கொள்வார்களே! சரித்திரத்தில் குழப்பம் கூடாது.

“முதலாம் சென்னியப்பன்னு எழுதுங்கண்ணா.”

“புள்ள சொன்னதேதானுங்க,” என்றார் பெரியம்மா. ஒருவழியாகப் பெயர் வெளியே வந்துவிட்ட நிம்மதியில், அதற்கு முன்னால் ஒட்டிக்கொண்டு வந்ததை மூவருமே கவனிக்கவில்லை.

மாலையோடு ஆண்களும் அப்பாருவும் பொடியன்களும் வந்து இறங்கினார்கள். பெரியப்பா நிமிர்ந்து பார்த்தார். “இதென்னங்கடா கூத்து? ஆரு முதலாம்னு எழுதச் சொன்னது?”

பெயிண்டரின் பிரஷ் என்னைக் காட்டியது. சுரண்டி மறுபடி எழுதினால் பூஜை நேரம் தப்பிவிடும். அம்மா என் காதைப் பிடித்துவிட்டாள். அப்பாருதான் என்னை அருகே இழுத்து, என்னவென்று கேட்டார். அழுகையோடு சோழர் கதையைச் சொன்னேன்.

“ஏஞ்சாமி, அந்த ராசாவுக்குத் தெரியுமா, தான் முதலாமவன்னு?”

“தெரியுங்க அப்பாரு. புஸ்தகத்துலயே போட்டிருக்குதுங்க.”

அப்பாரு சிரித்த சிரிப்பில் தோள்துண்டு கீழே விழுந்தது. பக்கத்தில், யார் இரண்டாம் சென்னியப்பன் என்று பொடியன்கள் அதற்குள் சட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களையே பார்த்துக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

“அழிக்காதீங்கடா. அப்படியே இருக்கட்டும்.”

ராஜாவாகிவிட்ட சந்தோஷம் என்றுதான் நான் நினைத்தேன். முதலாம் குலோத்துங்கன் சாகும்வரை வெறும் குலோத்துங்கன்தான் என்பதும், அதே பெயரில் பின்னால் ஆள் வந்தால்தான் ஒருவர் முதலாமவர் ஆக முடியும் என்பதும் என் பரீட்சையில் வரவில்லை. அந்த ராஜாவுக்குக் கிடைக்காததை அப்பாரு உயிரோடு நின்று, ஈரம் காயாத சிவப்பு எழுத்தில் வாசித்துவிட்டார்.