அண்ணி கையெழுத்துப் போடாத கடிதம்

என் அண்ணி பதினாறு வருடமாக ஒரு சலவைக்கூடத்தில் வேலை பார்க்கிறார். நான்கு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் போர்வைகளும் லாரி லாரியாக வந்து இறங்கும் இடம் அது. அண்ணிக்கு ரோலரில் வேலை. கொதிக்கும் இரும்பு உருளைகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுழன்றுகொண்டே இருக்கும். ஈரம் காயாத விரிப்பை இரண்டு பேர் ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து, ஓர் உதறு உதறி, சுருக்கம் விழாமல் அந்த உருளைகளுக்கு ஊட்ட வேண்டும். மறுபக்கம் அது மொடமொடவென்று தேய்க்கப்பட்டு வெளியே வரும். அண்ணி ஊட்டினால் விரிப்பில் ஒரு மடிப்பு இருக்காது என்று அங்கே பேர்.

நான் அவருடைய நாத்தனார். ஒரு துணிக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து, வாங்கியவர்களின் உயரத்துக்கு ஏற்பக் கால்சட்டைகளை வெட்டித் தைப்பது என் வேலை. அண்ணன் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். மூன்று பேரும் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம்.

அண்ணிக்குக் காது மந்தமானது ஒரே நாளில் நடந்த விஷயம் இல்லை. சமையலறையில் நின்று நான் உப்பு கேட்பேன், அவர் சீப்பைக் கொண்டுவந்து நீட்டுவார். முதலில் சிரித்தோம். பிறகு எங்களை அறியாமலேயே குரலை உயர்த்தப் பழகினோம். "டாக்டரைப் பார்க்கலாம் அண்ணி" என்று நான் சொன்னபோதெல்லாம், "உங்க அண்ணன் பேசுறதுல பாதி கேட்காம இருக்கறதே எனக்கு நிம்மதி. அதைப் போய்க் கெடுக்காத" என்று சொல்லி நழுவிவிடுவார்.

ஒரு நாள் காலையில் ரோலரில் ஒரு விரிப்பு சுற்றிக்கொண்டது. அப்படி நடந்தால் சுவரில் உள்ள அபாய மணி அடிக்கும், எல்லோரும் கையை எடுத்துவிட வேண்டும். அண்ணியோடு ஜோடி சேர்ந்து வேலை பார்த்த பெண் எடுத்துவிட்டாள். அண்ணி மட்டும் அடுத்த விரிப்பைத் தூக்கிக்கொண்டு உருளையை நோக்கி நீட்டினார். அந்தப் பெண் பாய்ந்து முழங்கையைப் பிடித்து இழுத்ததால் தப்பித்தார். ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சூப்பர்வைசர் பார்த்துவிட்டார்.

மறுநாள் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேஜைமேல் ஒரு தாளும் பேனாவும் தயாராக இருந்தன. "உடல்நிலை காரணமாக என் சொந்த விருப்பத்தின் பேரில் வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன்" என்று தட்டச்சு செய்து, கீழே அண்ணியின் பெயரும் போட்டிருந்தது.

"உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றோம்" என்றார் மேனேஜர். "நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆயிட்டா யாரு பதில் சொல்றது? இங்கேயே ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க."

அண்ணி தாளை எடுத்து இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தார். "படிச்சுப் பார்த்துட்டு வரேன் சார்" என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து அவர் இதைச் சொன்னபோது நான் கேட்டேன்: "அவர் இங்கேயே போடுங்கன்னு சொன்னாரே அண்ணி, அப்புறம் எப்படி விட்டாரு?"

"எனக்குக் காது கேட்கலைன்னுதானே அனுப்புறாங்க? அது மட்டும் எப்படிக் கேட்கும்?" என்றார் அண்ணி.

அண்ணனுக்குச் சிரிப்பு வரவில்லை. "போட்டுக் குடுத்துட்டு வந்துடு. பெரிய இடத்தோட மல்லுக்கு நின்னு என்ன ஆகப்போகுது? எனக்கு உன் கைதான் முக்கியம்" என்றார். அவர் சொன்னதில் அன்பு இருந்தது, பயமும் இருந்தது. அண்ணி தாளை விரித்து ஒரு வரியின்மேல் விரலை வைத்தார். "சொந்த விருப்பம்னு எழுதியிருக்குங்க. எனக்குத்தான் விருப்பமே இல்லையே. பொய்க்கு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

அப்போதுதான் எனக்குப் பொது நூலகத்தின் அறிவிப்புப் பலகை நினைவுக்கு வந்தது. தையல் படப் புத்தகங்களுக்காக அங்கே போய்வருவேன். 'வேலை, வீடு, ஓய்வூதியம், பள்ளிச் சேர்க்கை: உங்கள் உரிமைகள் குறித்து இலவச சட்ட ஆலோசனை. சனிக்கிழமை காலை பத்து முதல் ஒரு மணி வரை. முன்பதிவு தேவையில்லை' என்று அங்கே ஒரு மஞ்சள் தாள் மாதக்கணக்கில் ஒட்டியிருந்தது. நானும் அதைக் கடந்து போய்க்கொண்டேதான் இருந்தேன்.

"இலவசம்னா கடைசியில எதையாவது நம்ம தலையில கட்டிடுவாங்க" என்றார் அண்ணி. ஆனாலும் சனிக்கிழமை எனக்கு முன்னால் அவர்தான் கிளம்பி வாசலில் நின்றார்.

நூலகத்தின் இரண்டாவது மாடி. செய்தித்தாள் வாசிக்கும் பகுதிக்கும் குழந்தைகள் பகுதிக்கும் நடுவில் இரண்டு மேஜைகள், சுவரோரமாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களுக்குப் பதினொன்றாம் எண் கிடைத்தது. வெளியே போய்த் திரும்புவதற்குள் வீட்டுக்காரர் பூட்டை மாற்றிவிட்டார் என்று கைக்குழந்தையோடு வந்திருந்த ஒரு தம்பதி எங்களுக்கு முன்னால் இருந்தார்கள். உள்ளே போகும்போது தலையைக் குனிந்துகொண்டு போனார்கள். இருபது நிமிடம் கழித்து, கையில் ஒரு கடிதத்தோடு, அடுத்து எந்தப் பேருந்தைப் பிடிப்பது என்று பேசிக்கொண்டே வந்தார்கள். அண்ணி அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்களுக்கு வாய்த்த வக்கீலம்மாவுக்கு நாற்பது, நாற்பத்தைந்து வயது இருக்கும். காலில் ஓட்டப்பயிற்சிக்குப் போடும் ஷூ, கொண்டையில் செருகிய பென்சில். விஷயத்தை இரண்டு வரி கேட்டதும் அவர் சட்டம் பேசவில்லை. எழுந்து தன் நாற்காலியைத் தூக்கி, ஜன்னல் வெளிச்சம் தன் முகத்தில் விழும்படி போட்டுக்கொண்டார்.

"இப்ப என் வாய் நல்லாத் தெரியுதா? நான் வேகமாப் பேசினா கையைத் தூக்குங்க, நிறுத்திடறேன்."

அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனையோ நாளுக்குப் பிறகு ஒருவர் கத்தாமல் அவரோடு பேசினார், அவரும் ஒரு சொல் தவறவிடாமல் கேட்டார். கடிதத்தை எடுத்து நீட்டினார்.

வக்கீலம்மா படித்துவிட்டு அதை மேஜைமேல் தட்டையாக வைத்தார். "இது அவங்க எழுதின கடிதம். நீங்க கையெழுத்துப் போட்ட நிமிஷத்துல இது உங்க கடிதம் ஆயிடும். போடாம வந்தீங்க பாருங்க, அதுலயே பாதி வேலை முடிஞ்சுது."

"அப்ப என்னை அனுப்ப முடியாதா?"

"காது கேட்கலைங்கற ஒரே காரணத்துக்காக அப்படி அனுப்பிட முடியாது. அதுக்கு முன்னாடி, வேலை செய்யற இடத்துல எதையாவது மாத்தினா உங்களால பத்திரமா வேலை செய்ய முடியுமான்னு அவங்க பார்க்கணும். பார்த்தாங்களா?"

"தாளும் பேனாவும் மட்டும்தான் பார்த்தேன் மேடம்."

வக்கீலம்மா சிரித்துவிட்டார். உடனே முகத்தை நேராக்கிக்கொண்டு, "ஜெயிச்சிடுவோம்னு நான் வாக்குக் குடுக்க மாட்டேன். கைக்கு ஆபத்துன்னு அவங்க சொல்றதையும் லேசா எடுத்துக்க முடியாது. ஆனா நாம கேட்க வேண்டிய கேள்வி நியாயமான கேள்வி" என்றார். காதைப் பரிசோதித்து அறிக்கை வாங்கிக்கொள்ளச் சொன்னார். கூட்டத்துக்குக் கூப்பிட்டால், பேசுவதைத் திரும்பச் சொல்ல ஒருவரை உடன் அழைத்துப் போக அனுமதி கேட்கச் சொன்னார். பிறகு, "அந்த மணி எங்க இருக்கு?" என்றார்.

அண்ணி பென்சிலை வாங்கி ஒரு பழைய தாளின் பின்பக்கத்தில் வரைந்தார். ரோலர் இங்கே, துணி உலர்த்தும் பெரிய ட்ரையர்கள் மூன்றும் இங்கே, மணி அவற்றுக்குப் பின்னால் உள்ள சுவரில். வரைந்துகொண்டே வந்தவர் அந்தச் சுவரில் பென்சிலை நிறுத்திவிட்டார்.

"மேடம், மூணு ட்ரையரும் ஓடுறப்ப இந்த மணி நல்ல காது இருக்கறவங்களுக்கே கேட்காது. அன்னைக்கு என் ஜோடிப் பொண்ணு மணியைக் கேட்டுக் கையை எடுக்கலை. சூப்பர்வைசர் கையை ஆட்டினதைப் பார்த்துத்தான் எடுத்தா. அவர் நின்னது என் முதுகுப் பக்கம்."

"இதை அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"யாரும் கேட்கலையே."

அன்றே அந்த மேஜையில் உட்கார்ந்து அண்ணி தன் கையால் கடிதம் எழுதினார்: நானே விலகிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. மணி ஒலிக்கும்போதே விளக்கும் எரியும்படி செய்ய முடியுமா என்று பார்க்க வேண்டும். அந்த மணி மற்றவர்களுக்காவது கேட்கிறதா என்று எல்லா இயந்திரங்களும் ஓடும்போது சோதித்துப் பார்க்க வேண்டும். வக்கீலம்மா இரண்டு வாக்கியங்களை அடித்தார், ஒரு தேதியைச் சேர்த்தார், அவ்வளவுதான். எதையும் எங்கள் தலையில் கட்டவில்லை.

திங்கட்கிழமை அண்ணி அலுவலகத்தில் கடிதத்தைக் கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிவிட்டார். மேனேஜர், "எதுக்கும்மா எழுத்தெல்லாம்? வாயால பேசித் தீர்த்துக்கலாமே" என்று குழைந்தார்.

"பேசினா எனக்குச் சரியாக் கேட்காது சார். எழுத்துல பதில் குடுங்க" என்றார் அண்ணி.

அடுத்த ஒன்பது நாளும் அவரைத் துணி மடிக்கும் மேஜையில் போட்டார்கள். சூப்பர்வைசர் முகம் கொடுத்துப் பேசவில்லை. கூட வேலை பார்ப்பவர்களில் சிலர் சாப்பாட்டு நேரத்தில் வேறு பெஞ்சுக்கு நகர்ந்து போனார்கள். தங்களுக்கும் வினை வந்துவிடுமோ என்று அவர்களுக்குப் பயம். அந்த நாட்களில் ஒரே ஒரு முறைதான் அண்ணி சோர்ந்துபோய்ப் பார்த்தேன். மருத்துவமனையில் காது அறிக்கையை வாங்கிக்கொண்டு வந்த அன்று. மெஷின் இரைச்சலில் போனது திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். தெருமுனைக்கு வந்ததும், "இருக்கறதையாவது காப்பாத்திக்கணும். அதுக்கும் சேர்த்துத்தான் கேட்கப்போறேன்" என்றார்.

கூட்டத்துக்கு நான் உடன் போனேன். மேனேஜர், சூப்பர்வைசர், தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஓர் அதிகாரி. அந்த அதிகாரி அண்ணியின் கடிதத்தை உண்மையிலேயே படித்திருந்தார். ஓரங்களில் குறிப்பெல்லாம் எழுதியிருந்தார்.

"மணி எல்லாருக்கும் நல்லாவே கேட்கும் சார். இந்த அம்மாவுக்குத்தான் பிரச்சினை" என்றார் சூப்பர்வைசர். நான் அண்ணிக்கு அதைத் திரும்பச் சொன்னேன்.

அண்ணி கோபப்படவில்லை. "அப்படின்னா நல்லதுதான் சார். அஞ்சு நிமிஷத்துல பார்த்துடலாம். எல்லா மெஷினையும் ஓட விடுங்க. எட்டுப் பேரை எதிர்ச் சுவரைப் பார்த்து நிக்க வைங்க. மணி கேட்டா கையைத் தூக்கட்டும்."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதிகாரி அதற்குள் எழுந்துவிட்டார். "வாங்க, பார்த்துடலாம்."

மூன்று ட்ரையர்களும் ரோலரும் ஓடின. எனக்கு மண்டைக்குள் யாரோ அம்மியில் அரைப்பது போலிருந்தது. எட்டுப் பேர் முதுகைக் காட்டி வரிசையாக நின்றார்கள். சூப்பர்வைசரும் வீம்புக்கு எட்டாவது ஆளாகப் போய் நின்றார். அதிகாரி தன் கையாலேயே ஐந்து முறை மணியை அடித்தார். ஓரத்தில் நின்ற ஒரு பெண் இரண்டு முறை கையைத் தூக்கினாள். நடுவில் நின்றவர் மணி அடிக்காத நேரத்தில் ஒரு முறை தூக்கினார். சூப்பர்வைசர் ஒரு தடவைகூடத் தூக்கவில்லை. இயந்திரங்களை நிறுத்திய பிறகும் அவர் திரும்பாமல் சுவரைப் பார்த்தபடியே நின்றார், சோதனை இன்னும் ஆரம்பிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

யாரும் சிரிக்கவில்லை. இத்தனை வருடமும் எதை நம்பி அந்த உருளைகளுக்கு முன்னால் கையை நீட்டினோம் என்று ஒவ்வொருவர் முகத்திலும் தெரிந்தது. அதிகாரி வெகுநேரம் எழுதிக்கொண்டிருந்தார்.

பதினேழு நாள் கழித்துப் பதில் வந்தது, எழுத்தில். விலகல் கடிதம் ரத்து. ரோலருக்கு இருபுறமும் சிவப்பு விளக்கு, கைக்கெட்டும் உயரத்தில் ஒரு நிறுத்தக் கயிறு. எல்லோருக்கும் காதடைப்பான், வருடத்துக்கு ஒரு முறை காதுப் பரிசோதனை. முதல் பரிசோதனையிலேயே நான்கு பேருக்குக் கேட்கும் திறன் குறைந்திருப்பது தெரிந்தது. அதில் ஒருத்தி அண்ணியின் ஜோடிப் பெண். இருபத்தொன்பது வயது. அவள் அழுதபோது அண்ணிதான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முன்பு வேறு பெஞ்சுக்கு நகர்ந்து போனவர்களும் அன்று அதே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தார்களாம்.

அண்ணி திரும்ப ரோலருக்குப் போனார். காதில் மாட்டிக்கொள்ள ஒரு கருவியும் கிடைத்தது. வேலையில் அதைப் போட்டால் ட்ரையர் சத்தம்தான் பெரிதாகக் கேட்கிறது என்று வீட்டில் மட்டும் போடுகிறார். அண்ணன் இப்போது பணிமனையிலும் வீட்டுக்கு வருகிறவர்களிடமும், "கையெழுத்துப் போடாதேன்னு நான்தான் ஒரே பிடியா நின்னேன்" என்று கதை அளக்கிறார். கருவியைப் போட்டிருந்தாலும் அண்ணி அதைக் கேட்டுக்கொள்வதில்லை.

சலவைக்கூடத்தில் யாருக்காவது ஒரு கடிதம் வந்தால் முதலில் அண்ணியிடம்தான் கொண்டுவருகிறார்கள். அவர் படித்துப் பார்ப்பார், ஆனால் தீர்ப்புச் சொல்ல மாட்டார். "நான் வக்கீல் இல்ல. சனிக்கிழமை பத்து மணிக்கு நூலகத்துக்குப் போங்க. ரெண்டாவது மாடி. சீக்கிரம் போனா நல்ல நம்பர் கிடைக்கும்" என்பார். தனியாகப் போகத் தயங்குகிறவர்களோடு அவரே போய் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்.

போன மாதம் தொழிலாளர்களின் பாதுகாப்புக் குழுவுக்கு அவரைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். துவைக்கும் பகுதியில் தண்ணீர் வடியாமல் தேங்கி, இரண்டு பேர் வழுக்கி விழுந்திருக்கிறார்கள். நேற்று அண்ணி அளவு நாடாவைக் கேட்டு என் தையல் பெட்டியைக் குடைந்துகொண்டிருந்தார். தேங்கிய தண்ணீரை ஓரம் முதல் ஓரம் வரை அளந்து எழுதப் போகிறாராம்.