பெட்டிக்குள் விழுந்த சிவப்புப் பந்து

எனக்கு ஏழு வயதில் மானம் மரியாதை எல்லாம் ஒரு பந்தின் நிறத்தில் இருந்தது. காரைக்குடியிலிருந்து கோட்டையூர் போகும் சாலையோரம், ஒரு சிமெண்ட் தரையில் எங்களுக்கு டென்னிஸ் வகுப்பு. புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குச் சிவப்புப் பந்து. மெத்தென்று இருக்கும், மெதுவாக வரும், அதிகம் எழும்பாது. கை தேறினால் ஆரஞ்சு, பிறகு பச்சை, கடைசியில்தான் பெரியவர்கள் ஆடும் மஞ்சள். என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் ஆரஞ்சுக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் சிவப்பிலேயே கிடந்தேன். ஓங்கி அடிப்பதுதான் ஆட்டம் என்பது என் எண்ணம். எதிரே நிற்கும் பிள்ளைகளுக்குப் பந்து பொறுக்கவே நேரம் சரியாக இருந்தது.

அப்போதுதான் என்னைப் பெற்ற அத்தா மலேசியாவிலிருந்து லீவில் வந்தார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் பரோட்டா போடுகிறவர். தினமும் என்னை வகுப்புக்குக் கூட்டி வந்து, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வேலியோரம் நிற்பார். ஒருநாள் எனக்கு ஜோடி கிடைக்கவில்லை.

"பாய், சும்மாதானே நிக்கிறீக? பிள்ளையோட ஆடுங்க" என்று கோச் அவரிடம் மட்டையை நீட்டினார். நாங்கள் இருவரும் மாறி மாறிப் பத்து அடி விடாமல் அடித்தால் எனக்கு ஆரஞ்சு என்றும் சொன்னார்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அத்தா பரோட்டாவைக் கல்லில் வீசுவது போல மட்டையை வீசினார். பந்து வேலியைத் தாண்டி டவுன் பஸ்ஸுக்கு முன்னால் போய் விழுந்தது.

"எங்குட்டு அடிக்கிறீக அத்தா? நான் இங்குட்டுல்ல நிக்கிறேன்!"

"கை பழகலம்மா. நீ எனக்கு எட்டுற மாதிரி குடு, பாப்போம்."

அவரை ஓடவிட்டால் தவறவிடுவார், என் ஆரஞ்சும் போய்விடும். வேறு வழியில்லாமல், அவர் நிற்கும் இடம் பார்த்து மெதுவாகத் தட்டப் பழகினேன். சாயங்காலம் தவறாமல் ஆடினோம். அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், பத்தாவது அடியும் வலையைத் தாண்டியது. நான் கத்திய கத்தலில் சாலையில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"இப்பத்தான் உனக்கு ஆட வந்திருக்கு" என்றார் கோச். இவ்வளவு மோசமான ஜோடியை வைத்துக்கொண்டு ஜெயித்ததற்கு என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அத்தா பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். "இனிமே இதுல ஆட மாட்டியாம்மா?"

"அது சின்னப் பிள்ளைக பந்து அத்தா."

"அதுசரி" என்று சிரித்தார்.

அவர் போன பிறகு ஒருநாள் வீடியோவில் பேசும்போது, அவருடைய கட்டிலுக்குப் பின்னால் இருந்த அலமாரியில் அந்தச் சிவப்புப் பந்தைப் பார்த்தேன். வகுப்புப் பந்தை எடுத்துப் போய்விட்டாரே என்று எனக்கு ஒரே கோபம்.

"தெரியாம பெட்டிக்குள்ள விழுந்திருச்சும்மா. அடுத்த லீவுக்குக் கொண்டாந்துர்றேன்" என்றார். கோச்சிடமும் அப்படியே சொன்னேன். அவர் என் தலையைத் தட்டிவிட்டுப் போனார்.

அடுத்த லீவு வர இரண்டு வருடம் ஆயிற்று. அத்தா ஆசையாக ஒரு டப்பா ஆரஞ்சுப் பந்து வாங்கி வந்தார். நான் அப்போது பச்சைக்கு வந்திருந்தேன். சிவப்புப் பந்து எங்கே என்று கேட்டேன். மறந்துவிட்டேன் என்றார். எங்கள் அத்தாவுக்கு மறதி அதிகம் என்று நெடுநாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.