குழந்தைகள்: இல்லை

அந்த ஓட்டலில் மொத்தம் பன்னிரண்டு அறைகள். எந்த அறையின் ஜன்னலைத் திறந்தாலும் ஏரி. வருகிறவர்கள் பெட்டியைக்கூடக் கீழே வைக்காமல் ஜன்னலுக்கு ஓடி, மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு "அடேயப்பா!" என்பார்கள். அவர்கள் போன பிறகு அந்த மூக்குத் தடத்தைத் துடைக்கிறவளுக்கு என்ன அடேயப்பா வேண்டிக்கிடக்கிறது? ஏழு வருஷத்தில் அவள் அந்த ஏரியில் கால் நனைத்தது இரண்டே தடவை. இரண்டும் கொடியிலிருந்து பறந்துபோன துண்டை எடுக்கத்தான்.

அவளை மேனேஜர் என்று கூப்பிடுவான் அவள் புருஷன். ஓட்டலில் அப்படி ஒரு பதவியே கிடையாது. முதலாளியம்மா ஒருத்தி, இவர்கள் இரண்டு பேர், அவ்வளவுதான் ஆள்படை. சமையற்கட்டும் பாய்லரும் படகுத்துறையும் அவன் பொறுப்பு. படுக்கை, குளியலறை, துணி துவைக்கும் அறை எல்லாம் அவள் தலையில். ஆனாலும் யாருக்கு எத்தனை தலையணை, யாருக்கு முட்டை அதிகம் வேகக்கூடாது என்பதெல்லாம் அவளைக் கேட்டால்தான் தெரியும். "மேனேஜர் சொல்லியாச்சு, இனி அப்பீலே கிடையாது" என்று அவன் கரண்டியோடு சல்யூட் அடிப்பான். அவளும் சிரித்துவைப்பாள்.

இத்தனை கெட்டிக்காரி, ஒரே ஒரு காரியத்தில் கோட்டை விட்டாள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஊரில் அவன் வேலை பார்த்த சாப்பாட்டுக்கடையை மூடிவிட்டார்கள். எட்டு மாதம் வீட்டில் மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். அப்போதுதான் வெளிநாட்டிலிருந்து ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. ஏரிக்கரை ஓட்டலுக்குக் கணவன் மனைவி தேவை, குழந்தைகள் இருக்கக் கூடாது. இவர்களுக்கோ ஏழு வயதில் ஒரு பெண் இருந்தாள். ஒரே வருஷம், கண்ணை மூடித் திறப்பதற்குள் ஓடிவிடும், அதுவரை குட்டி பெரியம்மா வீட்டில் இருக்கட்டும் என்று இரண்டு பேரும் பேசி முடித்தார்கள். பெரியம்மா என்றால் இவளுடைய கூடப்பிறந்த அக்கா. பிள்ளை இல்லாதவள், இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டாள்.

வேலை அனுமதிக்கான விண்ணப்பத்தை நிரப்பும்போது பேனாவைப் பிடித்தது இவள்தான். அவன் கையெழுத்து கோழி கிளறினாற்போல இருக்கும். குழந்தைகள் என்ற கட்டம் வந்ததும் பேனா நின்றுவிட்டது.

"இல்லைன்னு போடு" என்றான் அவன். "வெறும் காகிதம்தானே."

குட்டி அவள் மடியில் தலை வைத்துப் படுத்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தது. அவள் முத்துமுத்தாக எழுதினாள்: இல்லை.

பொய்யைச் சொல்லிவிட்டால் முடிந்ததா? அதோடு குடித்தனம் பண்ண வேண்டாமா? குட்டியின் போட்டோ அலமாரிக் கதவின் உள்பக்கத்துக்குப் போயிற்று. ஊருக்குப் பேசும்போது அறைக் கதவைத் தாழ் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. முதலாளியம்மா வேறு நல்ல மனுஷி, அதுதான் வினையே. "இன்னும் வயசு போயிடல, எனக்குத் தெரிஞ்ச டாக்டரம்மா ஒருத்தங்க இருக்காங்க" என்று வருஷத்துக்கு இரண்டு முறையாவது ஆரம்பித்துவிடுவாள். இவள் தலையைக் குனிந்துகொண்டு நிற்பாள். அதைப் பார்த்து அந்த அம்மாள் கண்ணில் நீர் முட்டும்.

ஒருமுறை கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, "கொஞ்ச நேரம் வெச்சுக்கோங்க, உங்களுக்கும் ஆசையா இருக்கும்ல" என்று பிள்ளையை இவள் கையில் கொடுத்துவிட்டாள். இவள் பழக்கதோஷத்தில் அதைத் தோளில் போட்டு, முதுகைத் தட்டி, ஏப்பம் விடவைத்தாள்.

"அட, நல்ல அனுபவசாலி மாதிரி இருக்கே!"

"அக்கா பொண்ணை வளர்த்திருக்கேன்."

சொல்லிவிட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது அவளுக்கு. அன்று ஒன்பதாம் நம்பர் குளியலறையை மூன்று தடவை தேய்த்தாள்.

ஒரு வருஷம் இரண்டாயிற்று, இரண்டு நாலாயிற்று. நடுவில் ஒரே ஒரு தடவை ஊருக்குப் போய்வந்தார்கள். வேலை அனுமதியைப் புதுப்பிக்கிற போதெல்லாம் அதே கட்டம் வந்தது, அதே முத்துமுத்தான எழுத்தில் இவளும் எழுதினாள். இப்போது மாற்றினால் முன்னே எழுதியது பொய் என்று ஆகிவிடுமே என்ற பயம். இப்படி மூன்று முறை.

ஏழு வருஷம் வேலை பார்த்தவர்கள், பதினெட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளலாம் என்பது அந்த நாட்டுச் சட்டம். அந்த நாளுக்காக விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தாள். குட்டிக்குப் பதினாலு நடந்தது. முதலில் முதலாளியம்மாவிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். வேலை போனாலும் போகட்டும் என்று இரண்டு பேரும் அவள் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். சொல்லி முடித்ததும் அந்த அம்மாள் கோபிக்கவே இல்லை. அவர்களை மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன் முன்னாடியே சொல்லல? படகுத்துறையில கைப்பிடி இல்ல. சின்னப் பிள்ளை தண்ணியில விழுந்துடுமோன்னு பயந்துதான் அப்படி விளம்பரம் போட்டேன். சொல்லியிருந்தா ஒரு வேலி போட்டிருப்பேனே."

வேலியாம்! நாலு குழாய், ஒரு சுருள் கம்பி, அவள் புருஷனுக்கு ஒரு மத்தியான வேலை. அதற்காக ஏழு வருஷம். "பாவி, பாவி" என்று துணி அறையில் போய்த் தலையில் அடித்துக்கொண்டாள். யாரைத் திட்டுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

இருந்தாலும் மனசு கேட்கிறதா? விண்ணப்பத்தைப் போட்ட கையோடு, பழைய மெத்தைகள் கிடந்த சின்ன அறையை ஒழித்துக் கழுவினார்கள். அவன் புத்தகம் வைக்கப் பலகை அடித்தான். "சுவத்துக்கு என்ன கலர்டா வேணும்?" என்று போனில் கேட்டபோது குட்டி, "எதுன்னாலும் சரிம்மா" என்றது. கூச்சப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள் இவள். பிறகு தானே ஒரு பச்சையைத் தேர்ந்தெடுத்தாள்.

நாலு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. அவள் அப்போது விரிப்புகளை மெஷினிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு நின்றபடியே படித்தாள். விண்ணப்பதாரர் முதலில் ஒரு முறையும் புதுப்பிக்கும்போது மூன்று முறையும் தமக்குக் குழந்தைகள் இல்லை என்று சொந்தக் கையால் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறார். ஆகவே நிராகரிக்கப்படுகிறது. பொய்த் தகவல் தந்த காரணத்தால் ஐந்து வருஷத்துக்கு மறு விண்ணப்பம் கிடையாது. ஐந்து வருஷத்தில் குட்டிக்குப் பத்தொன்பது. முடிந்தது கதை.

அவன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டுப் பேயறைந்தது போல நின்றான். ஆனால் பன்னிரண்டு அறைக்கும் விரிப்பு மாற்றியாக வேண்டும், மூன்று மணிக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள். காய்ந்த விரிப்புகளை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்து மடித்தார்கள்.

"டெஸ்ட் எடுத்துக் காட்டினா? அவ நம்ம பொண்ணுன்னு ரத்தத்துல தெரிஞ்சுடுமே" என்றான் அவன்.

"ரத்தத்துல தெரியும். நான் எழுதினது என்ன ஆகும்?"

"நீ ஏன்தான் அப்படி எழுதினியோ" என்றான். வாய் தவறித்தான் வந்திருக்கும். வந்துவிட்டதே!

அவள் விரிப்பை உதறினாள். "பக்கத்துல உக்காந்து சொன்னது யாருங்க? வெறும் காகிதம்னு சொன்னது யாரு? என் கை எழுதிச்சு, உங்க வாய் சொல்லிச்சு. ரெண்டு பேரும் சேர்ந்துதான் பெத்தோம், ரெண்டு பேரும் சேர்ந்துதான் இல்லைன்னோம்."

ஒவ்வொரு மடிப்புக்கும் இரண்டு பேரும் எதிர் எதிரே நடந்து வந்து முனைகளைச் சேர்த்தாக வேண்டும். முகத்தைப் பார்க்காமலேயே சேர்த்தார்கள். ஏழாவது விரிப்பிலோ எட்டாவதிலோ, முனையைக் கொடுக்க வந்தவன் அப்படியே அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு விம்மினான். அந்த விரிப்பை மறுபடி துவைக்கப் போட வேண்டியதாயிற்று.

"போயிடலாம்" என்றாள் அவள். "அவ வரலைன்னா நாம போவோம். ஒரேயடியா. அவளைவிட நமக்கு இங்க என்னங்க இருக்கு?"

"அங்க போய் என்ன பண்றது?"

"ஏதோ பண்ணுவோம். கூட இருப்போம். இன்னும் நாலு வருஷமாவது எனக்கு அவ தலையைப் பின்னிவிடணும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மேனேஜர் சொன்னா சரி" என்றான். இரண்டு பேருக்கும் சிரிப்பு வரவில்லை. குட்டியிடம் சொல்லிவிட்டு, பிறகு முதலாளியம்மாவிடம் போய்ச் சொல்வது என்று முடிவு செய்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு மணி நேரம் அவர்களுக்கு ஓய்வு. சமையற்கட்டு மேஜையில் போனை நடுவில் வைத்து, இரண்டு பேரும் அதன் மேல் குனிந்துகொண்டார்கள். குட்டிதான் எடுத்தது.

"நீ இங்க வர முடியாதாம்டா கண்ணு. வேணாம்னுட்டாங்க."

"ஓ" என்றது குட்டி. பிறகு ஒரு பெருமூச்சு வந்தது. பாரம் இறக்கி வைத்தவர்கள் விடுகிற மூச்சு மாதிரிதான் இருந்தது. சே, ஏமாற்றமாக இருக்கும் என்று இவள் தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள்.

"அதனால என்ன? நாங்க வர்றோம். அப்பாவும் நானும்."

"நிஜமாவாம்மா? எப்ப?" குரலில் நிஜமாகவே சந்தோஷம் இருந்தது. அவன் மேஜைக்கடியில் இவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அடுத்த மாசம்."

"ஐயோ சூப்பர்! நான் அம்மாகிட்ட சொல்றேன். ம்... பெரியம்மாகிட்ட." குட்டி கொஞ்சம் தயங்கியது. "எத்தனை நாள் இருப்பீங்க?"

இவள் போனை இன்னும் கிட்டே இழுத்தாள்.

"இல்லம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. என் ரூமை உங்களுக்குக் குடுத்துடுவேன், நான் பெரியம்மாகூடப் படுத்துப்பேன். அது ஒண்ணும் இல்ல. ஆனா அதுக்கப்புறம் எனக்குப் பரீட்சை வருது, ராத்திரி லைட் போட்டுப் படிக்கணும். அதான் கேட்டேன்."

புருஷன் இவள் முகத்தையே பார்த்தான். சொல்லிவிடு என்று தலையை ஆட்டினான். ஒரேயடியா வர்றோம், இனிமே எங்கயும் போக மாட்டோம். மூன்று நாளாக மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைதான்.

"பதினஞ்சு நாள்" என்றாள்.

அவன் பிடித்திருந்த கையை விட்டுவிட்டான்.

"பதினஞ்சு நாள்தானா? அப்ப சரிம்மா" என்றது குட்டி. "சமாளிச்சுக்கலாம்."