நஸ்ரின் தெரியாது என்று சொன்னாள்

இன்று மதியம் கம்ப்யூட்டர் லேபில் நடந்தது மனதை விட்டுப் போகவில்லை.

போர்டில் எழுதியிருந்த புரோகிராம், ஓட்டினால் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. "எங்க தப்பு? நஸ்ரின், நீ சொல்லு" என்றார் மிஸ்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. போன வருடம் அவளுடைய அத்தாவின் தோல் கடையில் இருந்த பழைய கம்ப்யூட்டரில் இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான்.

அவள் போர்டைப் பார்த்தாள். பார்வை சரியாகத் தப்பு இருந்த வரியில் போய் நின்றது.

"தெரியல மிஸ்" என்றாள்.

அவளுடைய புதுத் தோழிகள் சிரித்தார்கள். ஒருத்தி அவள் முதுகில் தட்டி, "நம்மாளுடீ" என்றாள்.

நான் எழுந்து விடையைச் சொன்னேன். "படிப்ஸ் ஆரம்பிச்சிருச்சுடீ" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நஸ்ரினும் சேர்ந்து சிரித்தாள்.

லேப் வாசலில் செருப்பு மாட்டும்போது கேட்டேன். "ஏன் புள்ள தெரியாதுன்ன?"

"போன வருசம் உன்னையத் தவிர எங்கூட யாரு சாப்பிட்டா? நீயும் ஒரு தடவ தெரியாதுன்னு சொல்லிப் பாரு. அம்புட்டுதான். ஒனக்கும் இடம் போட்டு வைப்பாளுக."

இந்த வருடம் நான் யாரோடு சாப்பிடுகிறேன் என்று அவள் கேட்கவில்லை.

ரெட்டியார்சத்திரம் பஸ்ஸில் வரும் வழியெல்லாம் 'தெரியாது மிஸ்' என்று மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன். சரளமாகத்தான் வருகிறது.

நாளைக்கும் மிஸ் கேள்வி கேட்பார். என்ன சொல்லட்டும்? தெரிந்தவர்கள் கூச்சப்படாமல் சொல்லுங்கள்.