வண்டி வராத ரோடு

என் சின்ன மாமாவுக்கு அந்த வருஷம் வேலை, ரோடு தேடுவது. கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். மைசூரில் ரோட்டுக்கா பஞ்சம்? மாமா தேடியது வண்டி ஓடாத ரோடு. லீவு நாட்களில் பெங்களூரிலிருந்து விலையுயர்ந்த சைக்கிள்களோடு வருகிறவர்களைக் காட்டுக்கும் மலைக்கும் அழைத்துப்போகும் ஒரு கம்பெனியில் அவர் சேர்ந்திருந்தார். வருகிறவர்களுக்கு லாரி சத்தம் கேட்கக் கூடாது, பஸ் புகை படக் கூடாது, பின்னால் வந்து எவனும் ஹாரன் அடிக்கக் கூடாது. மரமும் நிழலும் போதும்.

"ஊரெல்லாம் எங்களுக்கு பஸ் விடுங்கன்னு மனு குடுக்குது. உன் தம்பி பஸ் இல்லாத ரோட்டைத் தேடிட்டு அலையறான். நல்ல வம்சம்டி உங்களோடது" என்பார் அப்பா. நாளெல்லாம் கட்டட வேலை செய்துவிட்டு வந்த களைப்பிலும் மச்சானைக் கிண்டல் செய்ய மட்டும் அவருக்குத் தெம்பு மிச்சமிருக்கும்.

நான் அந்தக் கிண்டலில் சேரவில்லை. அப்போது எனக்குப் பதினொரு வயது. சைக்கிள் ஓட்ட எனக்கு அம்மா விதித்திருந்த எல்லை, எங்கள் தெருக் குழாயடியிலிருந்து முனையிலிருந்த பேக்கரி வரை. பேக்கரியைத் தாண்டினால் பெரிய ரோடு, பெரிய ரோட்டில் கால் வைத்தால் காலை ஒடித்துவிடுவாள். குழாயடி, பேக்கரி, மறுபடி குழாயடி என்று சாயங்காலம் முழுக்கச் சுற்றிச் சுற்றி வந்ததில், தெரு நாயே என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டது. வண்டியே வராத ரோடு என்று உலகத்தில் ஒன்று உண்டு என்று மாமா சொன்னதிலிருந்து, வகுப்பில் உட்கார்ந்திருக்கும்போதுகூட நான் அதில்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

தசரா லீவுக்கு முன்னால் ஒருநாள் மாமா முகமெல்லாம் பல்லாக வீட்டுக்கு வந்தார். நல்ல ரோடு ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லிவிட்டாராம். ஒரு வண்டிகூட வராத ரோடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு முதலாளியே பெரிய இடத்தில் பேசி இரண்டு பக்கமும் கேட் போட வைத்துவிடுவார், அப்புறம் எந்தக் காலத்துக்கும் அதில் வண்டி வராது. அம்மா உடனே அவர் வாயில் சர்க்கரை போட்டாள். வேலை நிரந்தரமானதும் எனக்கு கியர் வைத்த சைக்கிள் என்று மாமா என் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அன்றிலிருந்து மாமாவின் வேலை என் வேலையாகவும் ஆகிவிட்டது.

ரோட்டை ஓட்டிப் பார்க்க மாமா என்னையும் கூட்டிப்போனார். இந்தச் சின்னப் பெண் ஓட்டிவிட்டால் பெங்களூர்க்காரர்கள் ஓட்ட மாட்டார்களா என்பது அவர் கணக்கு. போகிற இடம் தமிழ்நாட்டு எல்லைக் காட்டோரம், கௌதள்ளிப் பக்கம், அம்மா பிறந்த மண் என்பதால் அவளும் அதிசயமாகச் சரி என்றாள். தேவராஜ மார்க்கெட்டில் காய் இறக்கிவிட்டு ஊர் திரும்பும் டெம்போவில் இரண்டு சைக்கிளையும் ஏற்றினோம். நான் காலி கோணிமேல் படுத்துக்கொண்டேன். கொத்தமல்லி வாசனையில் தூங்கிப்போய்க் கண்ணைத் திறந்தபோது வானம் முழுக்க மரக்கிளைகள் பின்னால் ஓடிக்கொண்டிருந்தன.

கௌதள்ளி தாண்டி ஒரு மண்பாதை பிரிகிற இடத்தில் டெம்போ எங்களை இறக்கிவிட்டுப் போனது. சத்தம் தேய்ந்து தேய்ந்து நின்றதும் காது அடைத்துப்போன மாதிரி இருந்தது. மிதித்தோம். ஐயோ, அந்த ரோட்டை எப்படிச் சொல்வேன்! மழை பெய்து ஓய்ந்த சமயம். செம்மண் படிந்து, பட்டுப் பாய் விரித்ததுபோல் இருந்தது. இரண்டு பக்கமும் மூங்கில் குனிந்து மேலே கைகோத்திருந்தது. இலை இடுக்கில் விழுந்த வெயில் என் கைமேல் ஓடி, மாமாவின் முதுகில் ஏறி, இறங்கி, எங்களோடு கூடவே வந்தது. திரும்பிப் பார்க்க வேண்டாம், ஒதுங்க வேண்டாம், பிரேக்கைத் தொட வேண்டாம். இறக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டுகூட ஓட்டினேன். ஓட்டுவது நானா, ரோடே என்னை எடுத்துக்கொண்டு போகிறதா என்று தெரியவில்லை. மான் ஒன்று நடு ரோட்டில் நின்று எங்களைச் சாவகாசமாகப் பார்த்துவிட்டுப் போனது.

பாதை பிரிகிற இடமெல்லாம் மாமா இறங்கி, ஒரு மரத்தில் மஞ்சள் ரிப்பன் கட்டுவார். பின்னால் வருகிறவர்கள் வழி தவறாமல் இருக்க அது கம்பெனி வழக்கம். பிறகு கைப்பிடியில் மாட்டியிருந்த சின்ன மீட்டரைப் பார்த்துத் தூரத்தை செல்போனில் குறித்துக்கொள்வார். அந்த மீட்டரும் ரிப்பனும்தான் எல்லாவற்றுக்கும் காரணம்.

காட்டுக்கு நடுவே இருபது வீடு இருக்கும் ஒரு ஊர் வந்தது. ஒரு வீட்டின் முன்னால் நின்று மாமா மீட்டரைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கையில் முறத்தோடு ஒரு அக்கா வெளியே வந்தார்.

"ஏனுங், ரோடு அளக்க வந்தீங்களா?"

"ஆமாங்க, தூரம் பாக்கறேன்" என்றார் மாமா.

அவ்வளவுதான். முறம் கீழே விழுந்தது. "வந்துட்டாங்கய்யோ! பஸ்ஸு உடறதுக்கு அளக்க வந்துட்டாங்க!" என்று அந்த அக்கா போட்ட கூச்சலில் ஊரே கூடிவிட்டது. மனு கொடுத்தது வீண்போகவில்லை என்று ஒரு பெரியவர் கும்பிட்டார். கட்டில் வந்தது, செம்பில் தண்ணீர் வந்தது, ராகிக் களியும் அவரைக்காய்க் குழம்பும் வந்தன. மாமா வாயைத் திறக்கும்போதெல்லாம் யாராவது ஒரு உருண்டை களியைத் தட்டில் வைத்தார்கள். "அதில்லைங்க..." என்பார். "அட, கூச்சப்படாம சாப்புடுங்க சார்" என்பார்கள். எனக்கென்ன, குழம்பு அமிர்தமாக இருந்தது.

அந்த அக்காவுக்கு ரிப்பன் மேலேயே கண். "எங்கூட்டு முன்னால புளியமரத்துல ஒண்ணு கட்டுங்க சாமி. ஸ்டாப்பு இங்கயே இருக்கட்டும், நெழலுல நின்னுக்கலாம்" என்றார். மாமா ரிப்பனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். அங்கே பாதை பிரியவே இல்லை. இருந்தும் கட்டினார்.

அந்த அக்காவின் மகளுக்கு என் வயதுதான் இருக்கும். ஓர் ஆட்டுக்குட்டியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்துவிட்டு, என் சைக்கிள் மணியை ஒருமுறை மெதுவாக அடித்துப் பார்த்தாள். அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாவது வரைதானாம். ஆறாவது படிக்க நாங்கள் வந்த காட்டுப்பாதை முழுக்க நடந்து கௌதள்ளிக்குப் போக வேண்டும். வழியில் யானை நிற்கும். அப்பா விடவில்லை, அதனால் வீட்டிலேயே ஆடு பார்த்துக்கொண்டு இருக்கிறாள். "பஸ்ஸு வந்தா அனுப்பறேன்னு எங்கப்பா சொல்லீருக்காரு" என்றாள்.

எனக்கு வந்த பொறாமையில் நெஞ்சே எரிந்தது. "ஸ்கூலே கிடையாதா? இந்த ரோடும் உன் வீட்டு வாசல்லயே இருக்கா? குடுத்து வச்சவ நீ!" என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு என் மடியிலிருந்த ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டாள். சரியான பிகு என்று நினைத்துக்கொண்டேன்.

அவள் நேரே மாமாவிடம் போனாள்.

"ஏனுங்ணா, லீவு முடிஞ்சு ஸ்கூல் தொறக்கறப்ப பஸ்ஸு வந்துருங்களா?"

மாமா குனிந்து, காற்று நன்றாக இருந்த டயரை அமுக்கிப் பார்த்தார். முன் டயரைப் பார்த்து முடித்துப் பின் டயரையும் பார்த்தார். அந்தப் பெண் குட்டியை அணைத்தபடி நின்றுகொண்டே இருந்தாள்.

அந்த ஊருக்கு மேலே ஒரு மேடு. அங்கேதான் போனுக்கு சிக்னல் கிடைக்கும் என்று சொன்னார்கள். ஏறினோம். கீழே காடு முழுக்க மேகத்தின் நிழல் நகர்ந்துகொண்டிருந்தது. நாங்கள் வந்த ரோடு நடுவில் சிவப்பாக, ஆளில்லாமல், அசையாமல் கிடந்தது. இதைவிட நல்ல ரோடு இந்த பூமியில் கிடையாது. கியர் சைக்கிள் நீலமா சிவப்பா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது மாமா முதலாளியைக் கூப்பிட்டார்.

கன்னடத்தில் பேசினார். ரோடு சரிவராது என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏன் என்று அந்தப் பக்கம் கேட்டிருப்பார்கள் போல. மாமா அந்த ரோட்டைப் பார்த்தபடியே, "பஸ் பருத்தெ சார்" என்றார். பஸ் வருகிறதாம்! அதுவும் ஒன்றில்லை, காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. "நானே நோடிதீனி சார்" என்று, தானே கண்ணால் பார்த்ததாகச் சாட்சி வேறு.

போனை வைத்ததும் நான் கத்தினேன். "எங்க மாமா பஸ்? எதுக்கு மாமா பொய் சொன்னீங்க?"

"நீ பாக்கலையா? இப்பதான் போச்சு" என்றார் மாமா. "அந்தப் புள்ள ஜன்னலோரமா ஒக்காந்துட்டுப் போனாளே."

நான் எட்டி எட்டிப் பார்த்தேன். ஒரு புழுதிகூட எழவில்லை. மாமாவுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

திரும்பும் வழியில் மாமா ஒவ்வொரு மரமாக நின்று, காலையில் கட்டிய ரிப்பன்களை அவிழ்த்துப் பையில் போட்டுக்கொண்டார். புளியமரத்தில் கட்டியதை மட்டும் அவிழ்க்கவில்லை. அந்த அக்கா வாசலில் நின்று கையாட்டினார். நானும் ஆட்டினேன். "மாமா, ஒண்ணு விட்டுட்டீங்க" என்று பின்னாலிருந்து கத்தினேன். "இருக்கட்டும் விடு" என்றார். அதே மூங்கில், அதே வெயில் எங்களோடு வந்தது.

வேலை நிரந்தரமாகவில்லை. அடுத்த மாதமே மாமா ஒரு பாக்டரிக்குப் போக ஆரம்பித்தார். ரோடு கிடைக்கவில்லை என்று மட்டும் வீட்டில் சொன்னார். அப்பாவுக்குக் கிண்டலுக்கு விஷயம் கிடைத்தது. நான் மாமாவோடு டூ விட்டிருந்தேன். மாமாவைக் காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். கடைசியில் தாங்க முடியாமல் ஒருநாள் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். ரிப்பன், களி, அந்தப் பிகு பிடித்த பெண், பஸ் என்ற பச்சைப் பொய், எல்லாம்.

அம்மா தோசைக்கல்லைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். தோசை கருகியது, அவள் திருப்பவில்லை. பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகைதான் என்று நினைத்தேன்.

"அந்த ஊருக்கு பஸ் வரட்டும் கண்ணு. வந்தா நல்லதுதானே" என்றாள்.

இவளுக்குமா ஒன்றும் புரியவில்லை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

"ஐயோ அம்மா! பஸ் வந்துட்டா அவ்வளவு நல்ல ரோடு கெட்டுப்போயிடுமே!" என்று காலை உதைத்து அழுதேன்.