விளாங்குடியில் உறைபனி

போன புதன்கிழமை, மாட்டுப் பொங்கலன்று காலையில், ஒரு தவளை என்னை முறைத்துப் பார்த்தது.

நானும் முறைத்தேன். அது அசையவில்லை. அது உட்கார்ந்திருந்த இடம் என் மச்சான் வீட்டு நீச்சல் குளம். அதிலிருந்த தண்ணீரின் நிறம்... கீரை மசியல் தெரியுமல்லவா? அதில் இரண்டு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் கலக்கிக்கொள்ளுங்கள். அந்த நிறம்! மேலே கொசுப்புழுக்கள் துள்ளிக்கொண்டிருந்தன. ஓரத்தில் நீளமாக ஒன்று நெளிந்து உள்ளே போனது. அது என்ன, ஏது என்று நான் விசாரிக்கவில்லை.

கையில் பிடித்திருந்த நீல பிளாஸ்டிக் ஷீட்டை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு மாதத்துக்கு முன்னால் இதே குளத்தில், அடியில் கிடந்த கொண்டை ஊசி பளிச்சென்று தெரிந்தது. இப்போது என் கையை முழங்கை வரை விட்டால் கையே தெரியாது.

குளத்தை இப்படி ஆக்கியது யார் என்கிறீர்களா? அடியேன்தான்.

விளாங்குடியில் நீச்சல் குளமா என்று உங்களுக்கும் ஆச்சரியமாக இருக்கும். தெருவுக்கே அப்படித்தான் இருந்தது. மச்சான் சுந்தரம், என் மனைவி சரோஜாவின் அண்ணன். எங்கள் வீடும் அதே தெருவில்தான். துபாயில் இன்ஜினியராக இருந்துவிட்டு வந்தவர். வீட்டுக்குப் பின்னால் இருபதடி நீளம், பத்தடி அகலம், நாலடி ஆழத்துக்கு ஒரு தொட்டி கட்டினார். வெளிநாட்டு மோட்டார், வெளிநாட்டு ஃபில்டர். "துபாய்க்காரர் பவுசு" என்று தெரு சொன்னது. சொல்லட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

உண்மை வேறு. அவருடைய மகள் மீனாவுக்குப் பத்து வயது. கைக்குழந்தையாக இருக்கும்போது போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. தரையில் நடந்தால் வலிக்கிற பிள்ளை, தண்ணீருக்குள் நின்றால் நடக்கிறாள். டாக்டர் சொல்லித்தான் அந்தத் தொட்டி. இதை வெளியில் சொல்லக்கூடாது என்பது மச்சானின் கட்டளை. "பொம்பளப் புள்ள மாப்ள. பாக்குறவுகள்லாம் உச்சுக்கொட்டுனா அவளுக்கு மனசு விட்டுப்போகும்."

மார்கழி பிறக்கும்போது மீனாவுக்குக் காலில் ஆபரேஷன் என்று மச்சான், அவர் மனைவி, மீனா மூவரும் மெட்ராஸ் கிளம்பினார்கள். ஒரு மாதம் மாவுக்கட்டு. கட்டைப் பிரித்ததும் தாமதிக்காமல் தண்ணீரில் பயிற்சி ஆரம்பிக்க வேண்டும், தள்ளிப்போட்டால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"தண்ணிய மட்டும் பாத்துக்கங்க மாப்ள" என்று சொல்லி, சாவியையும் மோட்டாரோடு வந்த இங்கிலீஷ் கையேட்டையும் மச்சான் என்னிடம் கொடுத்தார்.

இங்கிலீஷ்! யாரிடம் கொடுக்கிறார்? காலேஜில் இருபது வருஷமாக இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவனிடம். உட்கார்ந்து படித்தேன். 'குளிர்காலப் பராமரிப்பு' என்று ஒரு பக்கமே இருந்தது. குளிர்காலம் வந்ததும் மோட்டாரை நிறுத்து. தண்ணீரில் பாசி பிடிக்காமலிருக்க மருந்து போடுவதை நிறுத்து. குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும், ஆகவே மோட்டாரைக் கழற்றிப் பத்திரமாக வை. குளத்தை மூடு.

மார்கழிதானே நமக்குக் குளிர்காலம்? காலேஜுக்குக் கழுத்தில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு போகிற ஆள் நான். காரியத்தில் இறங்கிவிட்டேன்.

மோட்டாரைக் கழற்றி, சரோஜாவின் பழைய சேலை ஒன்றை எடுத்துச் சுற்றிப் பரணில் ஏற்றினேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"மதுரையில தண்ணி உறைஞ்சு குழா வெடிக்கப்போகுதாக்கும்? இங்க தேங்கா எண்ணெயே பாதிதான் உறையுது."

"உனக்கென்ன தெரியும்? கம்பெனிக்காரன் எழுதியிருக்கான்."

குளத்தின் மேல் பிளாஸ்டிக் ஷீட்டை விரிக்கும்போது, பின்பக்கச் சுவருக்கு மேலே ஒரு தலைப்பாகை தெரிந்தது. சோலைமலை. அடுத்த வயல்காரர், கத்தரி போட்டிருக்கிறார்.

"என்னா சார், வெயிலு இம்புட்டு அடிக்குது. தண்ணிக்கு எதுக்குப் போர்வை போத்துறீக?"

"இது விண்டர், அண்ணே. க்ளோஸ் பண்ணணும்."

"யாரு சொன்னா?"

"புக்குல போட்டிருக்கு."

"புக்குலயேவா? அப்பச் சரி" என்று அவர் போய்விட்டார். வாத்தியாரோடு யார் மல்லுக்கட்டுவது?

ஒரு மாதம் நிம்மதியாக இருந்தேன். போகியன்று மச்சானிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது, ஞாயிறு சாயங்காலம் வந்துவிடுகிறோம், திங்கள் காலையிலிருந்து மீனா தண்ணீரில் இறங்க வேண்டும்... பொங்கல் முடிந்த மறுநாள் காலை ஷீட்டைத் தூக்கினேன். மற்றதைத்தான் தவளை பார்த்துவிட்டதே!

முதலில் தோன்றியது பிளீச்சிங் பவுடர். ஓடிப்போய் ஒரு பெரிய பாக்கெட் வாங்கி வந்தேன். பிரிக்கப்போன கையை சரோஜா பிடித்துக்கொண்டாள்.

"இத்தன புழுவும் செத்து மிதக்கும். அதுக்குள்ள எங்கண்ணன் மகளை எறக்குவீங்களா?"

அவள் கண் கலங்கியிருந்தது. பாக்கெட்டைக் கீழே வைத்தேன். மொத்தத் தண்ணீரையும் இறைத்துவிட்டுப் புதிதாக நிரப்புவது ஒன்றுதான் வழி. எங்கிருந்து நிரப்புவது? ஐப்பசியில் பெய்த மழை கார்த்திகையிலேயே கைவிட்டுவிட்டது. மச்சான் வீட்டுக் கிணற்றில் மோட்டார் போட்டால் கால் மணி நேரத்தில் காற்று வருகிறது. அந்தக் கணக்கில் தொட்டி நிரம்ப மாசி பிறந்துவிடும். பிள்ளையின் மூட்டு மாசி வரை காத்திருக்குமா?

சுவருக்கு அந்தப் பக்கம்தான் சோலைமலையின் பம்ப் செட் கிணறு. ஆனால் அது அவர் ஒருவருடையது அல்ல. பங்காளிகள் மூன்று பேருக்குப் பொது. ஒருவருக்கு ஒரு நாள் முறை, மூன்று நாளைக்கு ஒரு தடவை. கரண்ட் இருக்கிற நேரத்தில் அவரவர் முறையில் அவரவர் பாய்ச்சிக்கொள்ள வேண்டும். முறைத் தண்ணீரை வெளி ஆளுக்கு விட்டதாக அந்தக் கிணற்றில் வழக்கமே கிடையாது. இது எனக்குத் தெரியும். தெரிந்தும் போனேன்.

சோலைமலை மாட்டுக்குக் கொம்பு சீவி நீல வர்ணம் பூசிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பிரஷ் நின்றது.

"வெள்ளாமைத் தண்ணிய நீச்சலடிக்கக் கேக்குறீகளா? கத்தரி பூ விட்டு நிக்கிது சார். பங்காளிக என்னைய ஏறி மிதிச்சிருவாங்க."

"அண்ணே..."

"கோவிச்சுக்காதீக. பவுசுக்கெல்லாம் தண்ணி கிடையாது."

மச்சானுக்குக் கொடுத்த வாக்கை அந்த இடத்தில் உடைத்தேன். மீனாவின் கால், ஆபரேஷன், திங்கட்கிழமை, டாக்டர் சொன்னது, நான் போர்த்திய போர்வை... ஒன்றையும் மறைக்கவில்லை. பாதியில் என் குரல் உடைந்தது. மாட்டுப் பொங்கலும் அதுவுமாக அந்த மாட்டின் முன்னால் நான் நின்ற நிலையை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

சோலைமலை பிரஷைக் கீழே வைத்தார்.

"காலுக்கா? அந்தப் பாப்பா காலுக்கா கட்டுனாரு?" நெற்றியில் அடித்துக்கொண்டார். நெற்றியெல்லாம் நீலம். "இம்புட்டு நாளா நாங்க என்னென்னமோ பேசிட்டோமே சார்!"

உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. பங்காளிகளிடம் கேட்க வேண்டும் என்று போனார். அரை மணி நேரம் அந்த மாட்டுக்கு நான் காவல் இருந்தேன். திரும்பி வந்தவர் கேட்ட முதல் கேள்வி என்னைத் தூக்கிவாரிப்போட்டது.

"அந்தப் பச்சைத் தண்ணியில மருந்து எதுவும் போட்டீகளா?"

"இல்லை. பாக்கெட்டைப் பிரிக்கலை."

"நல்லதாப் போச்சு. அதை எங்க வாய்க்காலுக்கு விடுங்க. பாசித் தண்ணி கத்தரிக்கு நல்லது. நாளைக்கு எறைச்சிட்டுத் தொட்டியத் தேச்சு வைங்க. வெள்ளி, சனி, ஞாயிறு... ஆளுக்கு ஒருமணி நேரம், அவுக அவுக முறையில விடுறோம்னு சொல்லிட்டாங்க. மூணு பேரு தண்ணியும் அந்தப் பாப்பாவுக்குச் சேரட்டும்."

குளம் பச்சையானதை விடப் பெரிய அதிர்ச்சி இது. தெருவில் பாதிப் பேரின் பெயர்கூடத் தெரியாமல் ஒரு வருஷமாக இங்கே குடியிருக்கிறேன் நான்.

வியாழக்கிழமை, பரணிலிருந்து மோட்டாரை இறக்கிச் சேலையை அவிழ்த்தோம். பச்சைத் தண்ணீர் சுவரைத் தாண்டிக் கத்தரி வயலுக்குப் போனது. தவளையும் கூடவே குடிபெயர்ந்தது. நானும் சரோஜாவும் தேங்காய் நாரை வைத்துத் தொட்டியைத் தேய்த்தோம். என் முதுகு இன்னும் நிமிரவில்லை. அடுத்த மூன்று நாளும் ஒருமணி நேரம், ஒரு நிமிஷம் குறையாமல், அந்தக் கிணற்றுத் தண்ணீர் வந்து விழுந்தது. ஞாயிறு மதியம் அடியில் கொண்டை ஊசி போட்டுப் பார்த்தேன். தெரிந்தது!

சாயங்காலம் மச்சான் குடும்பம் வந்து இறங்கியது. மறைக்க மனமில்லை, ரகசியத்தை உடைத்ததையும் சேர்த்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கையேட்டைக் கேட்டு வாங்கி, நான் காட்டிய பக்கத்தைப் படித்தார். பிறகு தாளைத் திருப்பினார். என் முன்னால் நீட்டினார்.

பின்பக்கத்தில், மேலே முதல் வரி: முன்பக்கத்தில் சொன்னவை உறைபனி விழும் ஊர்களுக்கு மட்டுமே. மிதமான குளிர்காலம் உள்ள ஊர்களில் குளத்தை மூடக்கூடாது, தினமும் மோட்டாரை ஓட்டுங்கள், மருந்தை நிறுத்தாதீர்கள்.

பரீட்சை ஹாலில் நான் சொல்கிற முதல் வாக்கியம் என்ன தெரியுமா? "கேள்வித்தாளைத் திருப்பிப் பாருங்கப்பா, பின்னாலயும் கேள்வி இருக்கு." இருபது வருஷமாகச் சொல்கிறேன்!

"விடுங்க மாப்ள" என்றார் மச்சான். அவர் விட்டார். என்னால்தான் விட முடியவில்லை.

திங்கள் காலை மீனா குளத்தின் படியில் உட்கார்ந்து பாவாடையை முழங்காலுக்கு மேலே இழுத்துக்கொண்டாள். காலைப் பார்த்தேன். தோல் வெளுத்து, செதில் செதிலாக, தையல் தழும்போடு... சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவள் பார்த்துவிட்டாள்.

"மாமா, தண்ணி ரொம்ப அசிங்கமாயிருச்சாமே? அப்பா சொன்னாக."

"ஆமாடா. மாமா தப்புப் பண்ணிட்டேன்."

"பரவாயில்ல மாமா. என் காலையும் ஒரு மாசம் மூடித்தான வச்சிருந்தாக. பிரிச்சப்ப நானே பயந்துட்டேன். ஆனா அதெல்லாம் சரியாயிரும்."

சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். கிணற்றுத் தண்ணீர், காலையில் வெதுவெதுவென்று இருந்தது. "வெந்நி ஊத்துனீங்களா?" என்று சிரித்தாள். சுவருக்கு மேலே சோலைமலையின் தலைப்பாகை தெரிந்தது. அவர் உச்சுக்கொட்டவில்லை.

சுவரைப் பிடித்துக்கொண்டு முதல் எட்டு வைத்தாள். பிறகு கையை விட்டாள்.

மொத்தம் பதினோரு எட்டு. எண்ணியது நான்தான். இந்தத் தடவை கடைசி வரைக்கும், ஒன்று விடாமல்.